மறதிக்கும் உண்டு எல்லை!

திருத்தணி எல்லை ஊர். சற்றே வடக்கே நகர்ந்தால் ஆந்திரம். சித்தூர் மாவட்டத்தில் கிடந்த இந்த ஊர், வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்தது. மண்ணுக்கு எல்லை வகுக்கவே அத்தனை கிளர்ச்சி, அத்தனை சிறைவாசம், அத்தனை ஆண்டுகள்! இன்று விஞ்ஞானிகள் வேறோர் எல்லையை வகுக்க முனைந்திருக்கிறார்கள். முதுமையின் மறதி எங்கே முடிகிறது, மூளையின் நோய் எங்கே தொடங்குகிறது என்னும் எல்லை அது.

"கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்கிறோம். "வயதானால் அப்படித்தான்" என்று தேற்றிக்கொள்கிறோம். "யாரோ ஏவிவிட்டார்கள்" என்று தாயத்துக் கட்டுவோரும் உண்டு. பெற்ற மகனைப் பார்த்து "நீ யாரப்பா?" என்று தாய் கேட்கிறாளே, அது முதுமையா? விதியா? ஏவலா? இல்லை தோழர்களே, நோய்! காய்ச்சலைப் போல, காசத்தைப் போல, காரணமுள்ள நோய்.

ஜெர்மன் நாட்டு டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், மறதியில் மூழ்கி மாண்ட ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். படிந்து கிடந்த கசடுகளைக் கண்டார். முறுக்கேறிய இழைகளைக் கண்டார். 1906-ல் உலகுக்கு அறிவித்தார். நோய் என்று தெரிந்தது. ஆனால் எப்போது தெரிந்தது? நோயாளி செத்த பிறகு!

உயிரோடிருக்கும்போதே கண்டறிய இன்று வழிகள் இருக்கின்றன. கதிரியக்க மருந்தை ஏற்றி மூளையைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் ஒன்று. முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதிப்பது மற்றொன்று. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குத் துணிவு வேண்டும். பள்ளிப்பட்டிலும் ஆர்.கே. பேட்டையிலும் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி, தன் தாய்க்கு இவற்றைச் செய்து பார்ப்பானா? இல்லை, விதியென்று விட்டுவிடுவானா?

கேள்வி கேட்டு அறிவதும் உண்டு. இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழேழாகக் கழி! இந்தப் படத்தைப் பார்த்து வரை! நல்ல முறைதான், படித்தவருக்கு. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர் திருத்தணி. ஆயினும் அந்த ஊரைச் சுற்றிப் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காமல் முதுமை எய்திய பாட்டிகள் எத்தனை பேர்! வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிறவரை எந்த மொழியில் கேட்பது? விடை தெரியாதது மூளையின் குற்றமா, எழுத்தறிவிக்காத சமுதாயத்தின் குற்றமா?

இங்கேதான் கண் வருகிறது!

விழித்திரை என்பது மூளையின் நீட்சி. மூளையில் ஓடுவது போன்ற நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் அங்கே இருக்கின்றன. மூளைக்குள் எட்டிப் பார்க்க மண்டையோடு தடுக்கிறது. கண்ணுக்குள் எட்டிப் பார்க்கக் கருவிழி வழிவிடுகிறது. ஊசியில்லை, கத்தியில்லை, ஒரு படம் போதும். அந்தப் படங்களை ஆயிரக்கணக்கில் கணிப்பொறிக்குக் காட்டி, "இது நோயாளியின் கண், இது நலமுள்ளவரின் கண்" என்று சொல்லிக்கொண்டே போனால், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டையும் அது பிடித்துக்கொள்கிறது.

கற்பனையல்ல. ஹாங்காங்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அல்சைமர் நோயாளிகள் 648 பேர், நோயற்றோர் 3,240 பேர் ஆகியோரின் 12,949 விழித்திரைப் படங்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கி, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயுற்ற நூறு பேரில் 93 பேரை இயந்திரம் இனம் கண்டது. நலமுள்ள நூறு பேரில் 82 பேரை நலமென்றது.

நமக்கும் இது புதிய பாடமல்ல. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை இதேபோல் கண்டறியும் கூகுள் நிறுவனத்தின் இயந்திரம், மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,000 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டு, 2019-ல் முடிவு வெளிவந்தது. தமிழகத்துக் கண்கள் உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன!

அப்படியானால் நாளைக்கே வாங்கி வைத்துவிடலாமா? பொறுங்கள்! கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் என்று மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். இந்தக் கணக்கை வைத்து, ஆயிரம் முதியோரை இயந்திரத்தின் முன் உட்கார வைப்போம். நோயாளிகள் 74 பேரில் 69 பேரை அது பிடித்துவிடும். நலமுள்ள 926 பேரில் 167 பேரையும் "நோயாளி" என்றுவிடும்! இயந்திரம் விரல் நீட்டும் பத்துப் பேரில் உண்மை நோயாளி மூன்றே பேர். மற்ற ஏழு பேரின் உறக்கத்துக்கு யார் பொறுப்பு?

ஆகவே, இயந்திரம் தீர்ப்பளிக்கும் நீதிபதி ஆகிவிடக் கூடாது. கதவைத் தட்டி எழுப்பும் காவலனாக மட்டுமே இருக்கவேண்டும். தட்டிய பிறகு பரிசோதிக்க டாக்டர் வேண்டும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் விழித்திரைக் குழாய்களைக் கெடுக்கும். கண்புரை படத்தை மங்கவைக்கும். நம் முதியோரின் கண்களில் இவையெல்லாம் உண்டு. எனவே, வேற்று நாட்டுக் கண்களில் பழகிய இயந்திரத்தை, நம் மக்களிடம் சோதித்துப் பாராமல் ஏற்கலாகாது.

மறதி நோயாளிகளில் 66 சதவிகிதம் வளரும் நாடுகளில் என்று ஒரு காலத்தில் கணக்கிட்டார்கள். ஆராய்ச்சியிலோ அந்நாடுகளுக்கு அன்று 10 சதவிகிதம்கூட இருக்கவில்லை. இந்த அநீதியையே பெயராகச் சூட்டிக்கொண்டது "10/66" ஆராய்ச்சிக் குழு. சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று அது ஆராய்ந்தது. வேலூருக்கு வந்த ஆராய்ச்சி திருத்தணிக்கு வரக்கூடாதா? அப்படி வரும்போது, நம் கண்ணைப் படமெடுத்துக் கற்ற இயந்திரத்தை நமக்கே கொள்ளை விலைக்கு விற்கும் நிலை வரலாகாது. படம் கொடுத்தவன் ஏழை, பயன் பெறுபவன் பணக்காரன் என்றால், அது விஞ்ஞானமல்ல, வியாபாரம்!

"கண்டுபிடித்து என்ன பயன், மருந்து இல்லையே" என்பார்கள். நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை என்பது மெய். அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற லெகானெமாப் என்னும் மருந்தும் ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தைச் சற்றுத் தணிக்கிறது, அவ்வளவே. ஆனால் 2024-ல் லான்செட் குழு சொன்னதைக் கேளுங்கள்: கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை முதலிய 14 காரணங்களைக் களைந்தால், மறதி நோயில் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலுமாம்! கண்புரை அறுவையும் காது கேட்கும் கருவியும் கொதிப்பு மாத்திரையும் எட்டாக் கனிகளா?

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்பையும் சர்க்கரையையும் வீட்டு வாசலில் வந்து பார்த்தது. அந்த வழியிலேயே கண்ணையும் காதையும் நினைவையும் பார்க்கட்டும். அரசு மருத்துவமனையில் விழித்திரைப் படக்கருவி இருக்கட்டும். அதன் பின்னால் மறதி நோய் அறிந்த டாக்டர் இருக்கட்டும். மாமியாரைக் காக்க வேலையையும் கூலியையும் இழந்து வீட்டிலிருக்கும் மருமகளுக்கு உதவித் தொகையும், முதியோருக்குப் பகல்நேரக் காப்பகமும் கிடைக்கட்டும்.

தோழர்களே! உங்கள் தெருவில் வழி மறந்து நிற்கும் முதியவரைக் கண்டால் சிரிக்காதீர்கள், சிறுவர்களைச் சிரிக்கவும் விடாதீர்கள். கைப்பிடித்து வீடு சேருங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள்: "இது விதியல்ல, நோய், தாயத்து வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்!" இயந்திரம் வரும்போது வரட்டும். அதற்கு முன்னே செய்யவேண்டிய முதல் வேலை இதுதான்.