திண்டிவனத்துல வீடு, 1.80 லட்சம் மானியம்: நம்பி இறங்கலாமா?

"விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இடம் வாங்குனா கவர்மென்ட் மானியம் கிடைக்குமாமே?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. என் கருத்தை நேராவே சொல்லிடறேன். மானியம் உண்மைதான். ஆனா அதை நம்பி மட்டும் வீடு வாங்கக் கூடாது.

முதல்ல திட்டம். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0, 2024 செப்டம்பர் 1-ல தொடங்குச்சு. இதோட வட்டி மானியப் பிரிவுல குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ள இருக்கணும். வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம், இதைத் தாண்டக் கூடாது. குடும்பத்துல யார் பேர்லயும் இந்தியாவுல எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. குடும்பம்னா கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள். அதனால அப்பா பேர்ல வீடு இருந்தா, பேங்க்ல முதல் கேள்வியே அதைப் பத்திக் கேட்டுடுங்க.

35 லட்சத்துக்குள்ள சென்னையில வீடு தேடுறது கஷ்டம். விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிக்குள்ள அது நடக்கக்கூடிய விஷயம். அந்த வகையில இந்தத் திட்டம் நம்ம ஊருக்குப் பொருத்தமானதுதான்.

சிக்கல் எங்கன்னா, ஹைவே ஓரம் விக்கிற மனைகள்ல. வெறும் மனைக்கு இந்த மானியம் கிடையாது. வீடு வாங்கணும் அல்லது கட்டணும். அந்த இடமும் நகரப் பகுதி அல்லது அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள்ள வரணும். மயிலம், ஒலக்கூர் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில மனை பார்க்கறீங்கன்னா, அது இதுல வருதான்னு பேங்க்ல கேட்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கிராமத்துக்குன்னு இருக்கிற ஊரகத் திட்டத்துல 1.20 லட்சம், கலைஞர் கனவு இல்லத்துல 3.50 லட்சம் தர்றாங்க. ஆனா அதெல்லாம் குடிசையில இருக்கிறவங்களுக்கானது, மாசச் சம்பளக்காரங்களுக்கு இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம். 25 லட்ச ரூபாய் வீடு, 20 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம்னு வெச்சுக்கோங்க. ஈஎம்ஐ சுமார் 17,356 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 21.65 லட்சம். மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் ஒரே தடவையில வராது, 5 வருஷத் தவணையா உங்க கடன் கணக்குல வரவாகும். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்புல இருக்கணும், அசல்ல பாதிக்கு மேல பாக்கி இருக்கணும். போனஸ் வந்துச்சுன்னு வேகமா கடனை அடைச்சா, மீதித் தவணை போயிடலாம்.

கையில இருந்து போடற பணம்? வீட்டுக்கு 5 லட்சம். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, அதுக்கு 2.25 லட்சம். ஆக 7.25 லட்சம். மானியத்துல ஒரு ரூபாய்கூட இந்த நேரத்துல உதவிக்கு வராது. இதைப் பர்சனல் லோன் போட்டுக் கட்டறதா இருந்தா, தயவுசெஞ்சு ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்க.

"வரி மிச்சமாகுமே சார்?" புது வரி முறையில நீங்க குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து 12.75 லட்சம் வரைக்கும் சம்பளத்துக்கு வரியே இல்ல. கட்டாத வரியில மிச்சம் எங்கிருந்து வரும்?

என் அளவுகோல் இதுதான். கைக்கு வர்ற சம்பளத்துல 35%-க்கு மேல ஈஎம்ஐ போகக் கூடாது. மேலே சொன்ன கடனுக்கு, கைக்கு 50,000 வரணும். மானியமே இல்லன்னாலும் கட்ட முடியும்னா வாங்குங்க. அடுத்த பத்து வருஷம் நீங்களோ உங்க அப்பா அம்மாவோ அங்க குடியிருக்கணும். வேலை சென்னையில, குடும்பமும் சென்னையில, திண்டிவனத்துல மட்டும் பூட்டின வீடுன்னா, வாடகையும் ஈஎம்ஐயும் சேர்ந்து உங்களை நெருக்கும்.

கையெழுத்துக்கு முன்னாடி டிடிசிபி அப்ரூவல், தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்று நாலையும் ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. அந்த ஃபீஸ்ல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.