போருக்கு வேர் இச்சையோ, ஆணவமோ?

போர் எதனால் வருகின்றது என வினவி, மாந்தருள்ளே பொருதும் இச்சைகளே காரணமென விடையிறுக்கின்றது விவிலியத்து யாக்கோபு நிருபத்தின் 4-ஆம் அதிகாரம். விரும்பிய பொருள் கிட்டாமையாற் கொலை நிகழும் என்பது அதன் கருத்து. நன்று, ஆயினும் அஃது இடைக்காரணமேயன்றி முதற்காரணமாகாது.

சுந்தரர் பாடிய திருச்சுழியலும் அருப்புக்கோட்டையும் அடங்கிய வானம் பார்த்த நாட்டை அடுத்தது கமுதி. ஆங்கு 1897-இல் நாடார் குலத்தார் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுட் புகுந்து வழிபட்டனர். அதனால் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்க்கு மாறாகவே முடிந்தது. அத்தகைய பூசலே 1899-இல் சிவகாசியிற் கொலையும் தீயுமாய் மூண்டது. தடுத்தோர் இச்சித்த பொருள் யாது? நீரன்று, நிலமன்று. பிறர் வழிபட்டமையால் அவர் இழந்ததும் ஒன்றில்லை. 'யானே உயர்ந்தோன்' என்னும் ஆணவமே ஆண்டுப் பொருதது. இச்சைக்கும் முன்னுள்ள இம்மூலமலத்தைத் தெளிவுறக் காட்டுவது சித்தாந்தமே.

காட்டியும் என்? அதனை ஓதிய சைவரும் சிவசந்நிதி வாயிலிலேயே அம்மலத்திற்கு ஆட்பட்டனர். பிறர் நூலிற் குறை காண்பதன்முன் சைவர் இதற்கு நாணுதல் வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கோயிற் கதவைத் திறந்தது. நெஞ்சக் கதவைத் திறப்பது திருவருளொன்றே.