திருப்பூர் சங்கங்கள்: சந்தாவுக்கு என்ன கிடைக்கும், ஊருக்கு என்ன கிடைக்கும்?

திருப்பூரில் பத்து தையல் மெஷினோடு ஜாப் ஒர்க் யூனிட் தொடங்கும் எந்த இளைஞருக்கும், மெஷின் வந்து இறங்கும் முன்பே ஓர் அறிவுரை வந்துவிடும்: "சங்கத்துல சேர்ந்துக்கங்க தம்பி." அதற்கு வரும் பதில் கேள்வியும் வழக்கமானதுதான்: "சேர்ந்தா என்னங்க கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. ஜிஎஸ்டி கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். பையர் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். கடனுக்கு வங்கியின் ஆப் இருக்கிறது. வருஷா வருஷம் சந்தா வாங்கி, விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுக்கும் ஓர் அமைப்பு இன்னும் எதற்கு?

2025 ஆகஸ்ட்டில் அந்தக் கேள்வி ஊருக்கே வந்தது. இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதமாகவும், ஆகஸ்ட் 27-ல் 50 சதவீதமாகவும் ஆனது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் சுமார் 30 சதவீதம் அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கம்பெனி தனியாக டெல்லிக்குப் போன் போட்டு "எங்க ஆர்டர் நிக்குதுங்க" என்றால் யார் காதில் விழும்? ஆண்டுக்கு சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊரின் பெயரில் கடிதம் போனால், அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஜவுளி அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டுவந்த பருத்தி இறக்குமதி வரி விலக்கு அந்த மாதமே வந்தது. 11 சதவீத வரி ஆகஸ்ட் 19 முதல் நிறுத்தப்பட்டு, பிறகு டிசம்பர் 31 வரை அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டது.

இது சங்கத்தின் ஒரு முகம். இன்னொரு முகமும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் சந்தா கட்டலாமா என்று முடிவெடுக்க முடியும்.

சேம்பர், சங்கம்... ரெண்டும் ஒண்ணா?

முழுக்க இல்லை. 'சேம்பர் ஆஃப் காமர்ஸ்' எனும் வர்த்தக சபையில் ஓர் ஊரின் எல்லாத் தொழிலும் சேரலாம். தொழில் சங்கம் என்பது ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கானது.

உலகின் முதல் வர்த்தக சபை 1599-ல் பிரான்சின் மார்சே துறைமுக நகரில் உருவானது. சென்னையில் மெட்ராஸ் சேம்பர் 1836-லேயே வந்துவிட்டது. ஆனால் அது பிரிட்டிஷ் வணிகர்களின் அமைப்பாகவே தொடங்கியது. இந்திய வணிகர்கள் தங்களுக்கென ஒரு குரல் வேண்டும் என்று 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கினார்கள். மதுரையில் இன்று தமிழ்நாடு வர்த்தக சபையாக இருக்கும் அமைப்பு 1924-ல் பிறந்தது.

ஜெர்மனியில் பெரும்பாலான தொழில் நிறுவனங்கள் உள்ளூர் வர்த்தக சபையில் சட்டப்படியே உறுப்பினர்கள். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் சேரலாம், பிடிக்கவில்லை என்றால் விலகலாம். அதனால் இங்கே ஒரு சங்கத்தின் பலம், எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், எவ்வளவு பேர் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

திருப்பூரில் உள்நாட்டுப் பனியன் உற்பத்தியாளர்களுக்கு 1956-ல் 'சைமா' வந்தது. ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-ல் தொடங்கியது. சாயப்பட்டறை, நிட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி சங்கம் உண்டு. ஒரு டி-ஷர்ட் உருவாகும் பாதை முழுக்க சங்கங்கள்தான்.

உறுப்பினருக்கு நேரடியாக என்ன பயன்?

முதலில் காகித வேலை. சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று சொல்லும் மூலச் சான்றிதழைப் பல நாடுகளின் இறக்குமதியாளர்கள் கேட்பார்கள். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அங்கீகரித்த வர்த்தக சபைகளும் தொழில் அமைப்புகளும் இதை வழங்கலாம். இப்போது விண்ணப்பம் ஆன்லைனில்தான். ஆனாலும், கப்பல் கிளம்பும் நாளன்று ஏதாவது சிக்கினால் நேரில் போய்க் கேட்க ஓர் இடம் வேண்டும்.

இரண்டாவது, தகவல். புதிய வரி விதி, தொழிலாளர் சட்டம், பையர் கேட்கும் தணிக்கை என எல்லாவற்றையும் படித்து "நீங்க செய்ய வேண்டியது இதுதான்" என்று தமிழில் சொல்ல, சின்ன யூனிட்டில் தனி ஆள் கிடையாது. சங்கத்தின் அரை நாள் கூட்டம் அந்த ஆளின் வேலையைச் செய்கிறது.

மூன்றாவது, வசூல். சின்ன நிறுவனங்களின் உயிரே இதில்தான் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உதயம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்கள் மாநில வசதியாக்க மன்றத்தில் புகார் தரலாம்.

சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. பயம் அதைவிடப் பலமாக இருக்கிறது. "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வருமாங்க?" என்ற தயக்கத்திலேயே பலர் புகார் தருவதில்லை. அந்த இடத்தில், இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் சங்க நிர்வாகி ஒருவரால் கோர்ட்டுக்குப் போகாமலே கணக்கை முடிக்க முடியும். எந்த இணையதளத்திலும் கிடைக்காத சேவை இது.

ஊருக்கு என்ன கிடைத்தது?

தண்ணீர். திருப்பூர் வளர்ந்த வேகத்துக்கு நொய்யலும் ஆழ்துளைக் கிணறுகளும் ஈடுகொடுக்கவில்லை. சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கித்தான் சாயப்பட்டறைகள் ஓடின. எந்தத் தனி முதலாளியும் ஓர் ஆற்றிலிருந்து குழாய் போட முடியாது. ஆனால் அப்படி ஒரு திட்டம் வந்தது. 1995-ல் உருவான புதிய திருப்பூர் வளர்ச்சிக் கழகத்தில் தமிழக அரசும் நிதி நிறுவனமான ஐஎல்&எஃப்எஸ்ஸும் இருந்தன, ஏற்றுமதியாளர்கள் சங்கமும் பங்கெடுத்தது. சுமார் 1,000 கோடி ரூபாய் செலவில், 50 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருந்து பவானி ஆற்று நீர் வந்தது. திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். இந்தியாவில் தனியார் பங்களிப்போடு நடந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் இதுவும் ஒன்று.

இதன் விலைக் கணக்குதான் சுவாரஸ்யம். தொழிற்சாலைகளுக்கு அதிக விலை, வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலை. சாயப்பட்டறை கட்டும் பணத்தில் பக்கத்துத் தெருக் குழாயிலும் தண்ணீர் வரும்.

படிப்பும் அப்படித்தான். ஆடை வடிவமைப்பும் தரக் கட்டுப்பாடும் தெரிந்த ஆட்களை வெளியூரில் தேடிக்கொண்டிருந்த ஊரில், ஏற்றுமதியாளர்கள் 1997-ல் 'நிஃப்ட்-டீ' பின்னலாடைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். எட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா வந்தது. 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' மரம் நடும் இயக்கத்தின் பின்னாலும் தொழில்முனைவோர்கள்தான் இருக்கிறார்கள்.

2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது இந்த வலைப்பின்னல் வேறு விதத்தில் உதவியது. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து தொழிலாளர்களிடம் பேசின. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழுவும் திருப்பூரில் நிலைமையை நேரில் பார்த்தது. வதந்தி பரவும் வேகத்தில் ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு ஒரே செய்தி போய்ச் சேர, ஏற்கனவே இயங்கும் ஓர் அமைப்பு இருந்தால்தான் முடியும்.

அப்புறம் நொய்யல் ஏன் அப்படி ஆனது?

இதுதான் அந்த இன்னொரு முகம். தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர ஒன்று சேர்ந்த தொழில், அதே தண்ணீர் சாயத்தோடு வெளியே போனபோது அதே வேகத்தில் ஒன்று சேரவில்லை.

சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதுதான் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் இருந்து "தண்ணி திறக்காதீங்க" என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரு சங்கம்தான். ஆனால் அது விவசாயிகளின் சங்கம். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் கெடு மேல் கெடு கொடுத்தும் உத்தரவு முழுமையாக நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகளில் வேலை நின்றது. துணிக்குச் சாயம் போட வெளியூர் தேடி அலைந்தார்கள். பலர் தொழிலையே விட்டார்கள்.

மீண்டதும் கூட்டாகத்தான். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற பூஜ்ய வெளியேற்ற முறைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாறின. அதற்குத் தமிழக அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. இன்று கழிவுநீரில் 90 சதவீதத்துக்கும் மேல் திரும்ப எடுத்து, அதிலேயே அடுத்த துணிக்குச் சாயம் போடுகிறார்கள். ஒரு காலத்தில் தண்டனையாகத் தெரிந்த இதையே, ஐரோப்பிய பையர்களிடம் 'எங்க துணி சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத துணி' என்று திருப்பூர் இப்போது பெருமையாகச் சொல்கிறது.

கணக்கு முழுதாக முடியவில்லை. சுத்திகரிப்பின் கடைசியில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வது என்ற கேள்வி நிலையங்களிலேயே குவிந்து கிடக்கிறது. தண்ணீரை மறுசுழற்சி செய்யத் தொடங்கியதும் சாயப்பட்டறைகளின் பவானி நீர்த் தேவை குறைந்தது. அவற்றின் கட்டணத்தை நம்பியிருந்த குடிநீர்த் திட்டத்தின் வருமானமும் அடிவாங்கியது.

லாபம் தரும் விஷயத்தில் ஒன்று சேர்வது எளிது. செலவு வைக்கும் விஷயத்தில் எல்லோரும் அடுத்தவர் முதலில் செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். உறுப்பினர்களிடம் "இதை நாமதான் செஞ்சாகணும்" என்று சொல்லும் துணிச்சல் ஒரு சங்கத்துக்கு எப்போது வருகிறது என்பதுதான் அதன் உண்மையான பரீட்சை. திருப்பூரில் அந்த வார்த்தையை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

மேசையில் யார் இல்லை?

சங்கம் பேசும்போது ஊரே பேசுவது போல் இருக்கும். ஆனால் ஒரே தொழிலுக்குள்ளும் எல்லோருக்கும் ஒரே நலன் கிடையாது. 2022 மே 16, 17 தேதிகளில் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்தது. நூல் வாங்குபவர்களுக்கு அது போராட்டம். அந்த இரண்டு நாள் கூலி போனவருக்கு?

45 நாள் விதி இன்னும் தெளிவான உதாரணம். குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறித்த நாளில் பணம் தராவிட்டால், அந்தத் தொகையைப் பணம் தரும் ஆண்டு வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2023-24 நிதியாண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. சின்ன யூனிட்டுக்கு இது வரப்பிரசாதம் மாதிரி. ஆனால் 2024 தொடக்கத்தில் இதைத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டவர்களில் நாட்டின் வணிக அமைப்புகள் சிலவும் இருந்தன. காரணம் எளிது. அங்கே பணம் தர வேண்டியவர்களும் உறுப்பினர்கள், பணம் வாங்க வேண்டியவர்களும் உறுப்பினர்கள். அப்போது சங்கம் யார் பக்கம் பேசும்?

தொழிலாளர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. பனியன் தொழிலில் கூலி உயர்வு, முதலாளிகளின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிவாகிறது. கம்பெனிக்கு கம்பெனி சண்டை போடாமல் ஊருக்கே ஓர் ஒப்பந்தம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் வட மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்யும் பலர் எந்தத் தொழிற்சங்கத்திலும் இல்லை. அந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை.

அப்போ சேரலாமா, வேண்டாமா?

சேரலாம். ஆனால் சந்தா ரசீதை வாங்கும் முன் நாலு விஷயம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலாவது, நிர்வாகக் குழுவில் உங்கள் அளவு யூனிட் வைத்திருப்பவர் யாராவது இருக்கிறாரா? எல்லோரும் பெரிய ஏற்றுமதியாளர்கள் என்றால் உங்கள் பிரச்சினை கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் வரும்.

இரண்டாவது, பேமென்ட் தகராறுக்குச் சமரசக் குழு இருக்கிறதா? கடந்த வருஷம் எத்தனை தகராறு வந்தது, எத்தனை முடிந்தது என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் நல்ல அறிகுறி.

மூன்றாவது, ஆண்டுப் பொதுக்குழுவும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் முறையாக நடக்கின்றனவா? தேர்தல் எப்போது நடந்தது?

நாலாவது, உறுப்பினருக்குச் செலவு வைக்கும் ஒரு முடிவைச் சங்கம் தானாக எப்போதாவது எடுத்திருக்கிறதா? கழிவுநீர், தொழிலாளர் தங்குமிடம், பாதுகாப்பு என எதுவாகவும் இருக்கலாம்.

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, கையைத் தூக்கி, அதை அங்கேயே கேட்க வேண்டியிருக்கும். அதற்கு உரிமை தருவதும் அந்தச் சந்தா ரசீதுதான்.