டியூக் துரத்திய திராட்சை

நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை பிறந்ததுமே, நள்ளிரவில், பிரான்ஸில் ஒரு ஒயினைத் திறக்கிறார்கள். செப்டம்பரில் கொடியில் தொங்கிய திராட்சை, இப்போது கோப்பையில். பெயர் போஜோலே நூவோ, அதாவது புது போஜோலே. நேர வித்தியாசத்தின் புண்ணியத்தில் ஜப்பான்காரர்கள் பாரிஸுக்கு முன்பே குடித்துவிடுகிறார்கள். நவம்பர் 15 என்றிருந்த நாளை 1985ல் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். வார இறுதி விற்பனை முக்கியமல்லவா?

கூத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போஜோலே என்றாலே அந்த ஒரு ராத்திரிதான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டதே, அதுதான் வருத்தம்.

அவமானம் இந்தத் திராட்சைக்குப் புதிதல்ல. காமே என்ற இந்த ரகத்தை 'விசுவாசமற்ற செடி' என்று ஏசி, பிடுங்கி எறியச் சொல்லி 1395ல் ஆணை போட்டார் பர்கண்டியின் டியூக் பிலிப். காய்ப்பு அதிகம், தரம் மட்டம் என்பது குற்றச்சாட்டு. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அங்கே பினோ நுவார்தான் ராஜா. ஆனால் அதற்குத் தெற்கே, லியோன் நகருக்குச் சற்று வடக்கே, போஜோலே குன்றுகளில் கருங்கல் பாறை உதிர்ந்து உண்டான மண். துரத்தப்பட்ட காமே அங்கே சௌகரியமாகக் காலூன்றிக்கொண்டது.

செய்முறையும் தனி. கொத்துகளை நசுக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் உள்ளவை பாரத்தில் நசுங்கி நொதிக்க, கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிரப்பிவிடும். காற்றில்லாத மற்ற பழங்கள் தோலுக்குள்ளேயே நொதிக்க ஆரம்பிக்கின்றன. விளைவு: பழ வாசனை தூக்கல், துவர்ப்பு குறைச்சல்.

இப்படிச் சீக்கிரம் தயாராவதுதான் வரமும் சாபமும். அறுவடை முடிந்த சில வாரங்களில் விவசாயியின் கையில் காசு. ஜார்ஜ் துபோஃப் என்ற கெட்டிக்கார வியாபாரி (2020ல் காலமானார்) நூவோவை உலகெங்கும் கொண்டுபோனார். பிறகு மோகம் தணிந்தது. 2001ம் ஆண்டு ஒயினில் விற்காமல் தங்கிய லட்சக்கணக்கான பெட்டிகளை வடித்து அழிக்க வேண்டியதாயிற்று. அடி, அவசர ஒயின் விற்றவருக்கு மட்டும் விழவில்லை. அதே பெயரில் பொறுமையாக நல்ல ஒயின் செய்தவருக்கும் விழுந்தது.

அப்படிச் செய்பவர்கள் வடக்கே பத்துப் பகுதிகளில் இருக்கிறார்கள். ஃப்ளூரி மென்மையானது. மூலாங்-ஆ-வான் பத்து வருடம் வைத்தாலும் தாங்கும். பெயர் அங்குள்ள பழைய காற்றாலையால் வந்தது. மோர்கோன் எனக்குப் பிடித்தது. அங்கே மார்செல் லாபியேர் 1980களில், ஜூல் ஷோவே என்ற ஒயின் விஞ்ஞானியின் யோசனைப்படி, ரசாயனங்களை ஒதுக்கிவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார். அந்த ஊரின் மதிப்பை மீட்டதில் அவருக்குப் பெரும் பங்கு.

எதோடு சாப்பிடுவது? லியோன்காரர்களைக் கேட்க வேண்டும். ரோன், சோன், போஜோலே என்று தங்கள் ஊருக்கு மூன்று நதிகள் என்பார்கள். அவர்களது சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அடிப்பாகம் கனத்த பாட்டிலில், 46 சென்டிலிட்டர் அளவில், மேஜைக்கு வரும். கூடவே பன்றி இறைச்சி சாசேஜ், வாட்டிய கோழி, ஆற்று மீனை அரைத்துச் செய்த கெனெல். சிவப்பு ஒயினோடு மீனா என்று முகம் சுளிக்க வேண்டாம். துவர்ப்பு கம்மியானதால் மீனோடு சண்டை போடாது.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பியக் குளிர்கால அறை. சென்னை, நாக்பூர் அறை அல்ல. போஜோலேவுக்கு 13 டிகிரி போதும், அதாவது ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கடையில் தேடும்போது போஜோலே என்ற பெயரையே நம்ப வேண்டாம். அந்தப் பத்துப் பகுதி ஒயின்களில் பலவற்றின் லேபிளில் மோர்கோன், ஃப்ளூரி என்று ஊர் பெயர்தான் பெரிதாக இருக்கும். போஜோலே என்ற சொல்லே இருக்காது.