துருவும் மஞ்சளும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் அரங்க வாசலில் கடைகள் போடுவது வழக்கம். முறுக்கு, அப்பளம், புடவை, புத்தகம் என்று இருக்கும். சில ஆண்டுகளாக அவற்றோடு 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' மாத்திரைக் கடை ஒன்றும் சேர்ந்துகொண்டது. உடம்பில் பிடிக்கும் துருவை இந்த மாத்திரை நீக்கிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் துருவோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் நாலு வார்த்தை எழுத எனக்கு உரிமை உண்டு.

நான் டாக்டர் அல்ல, டிப்ளமோ படித்த மெக்கானிக்கல் ஆள். மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்புக்குப் பராமரிப்புக்காக வரும் பெட்டிகளைப் பார்த்தவன். பெரம்பூரில் கட்டிய பெட்டி, வெளியே பெயிண்ட் பளபளக்கும். கழிப்பறைக்குக் கீழே உள்ள தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து செய்த வேலை அது. 2018-இல் பெரம்பூர் தொழிற்சாலை அந்த வகைப் பெட்டிகளை நிறுத்திவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. வேடிக்கை என்னவென்றால், அந்த எஃகைக் காப்பதும் ஆக்ஸிஜன்தான். எஃகில் கலந்த குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத படலமாக மேலே மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் மறுபடி தானே மூடிக்கொள்ளும்.

உடம்பிலும் ஏறக்குறைய இதே கதைதான். நாம் உண்டதை எரித்துச் சக்தி எடுக்கும்போது ஆக்ஸிஜனில் ஒரு சிறு பங்கு, எதையும் கடிக்கத் துடிக்கும் மூலக்கூறுகளாக மாறுகிறது. அளவு மீறினால் அவை செல்களின் சவ்வையும் மரபணுவையும் சேதப்படுத்தும். ஆனால் காயத்தில் கிருமி புகுந்தால், நம் வெள்ளணுக்கள் அதன்மேல் வீசும் ஆயுதமும் அவையேதான். காயம் சிவந்து, வீங்கி, சுடுவது ரிப்பேர் வேலை நடப்பதன் அடையாளம். வேலை முடிந்த பிறகும் வீக்கம் அடங்காமல் ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தால்தான் ஆபத்து. ஆகவே எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுகிறேன் என்று மாத்திரை விற்பவர் சொல்லும்போது எனக்கு அந்தக் குரோமியப் படலம்தான் நினைவுக்கு வருகிறது.

இது வெறும் உவமை அல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது!

மஞ்சளைக் குறை சொல்வதாக அன்பர்கள் கோபிக்கக் கூடாது. காயத்துக்கு மஞ்சள் என்பதை அமெரிக்காவில் 1995-இல் தங்கள் கண்டுபிடிப்பாகக் காப்புரிமை வாங்கியபோது, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. கழகத்துக்கு அப்போது தலைமை வகித்த மஷேல்கர், நம் மாட்டுங்காவில் உள்ள ரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. செம்பூருக்குப் பக்கத்திலேயே டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் மஞ்சளின் சத்தான குர்குமினைப் பற்றி நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது வேறு, மனிதனுக்குள் நடப்பது வேறு. மனிதர்களிடம் நடந்த 120-க்கும் மேற்பட்ட சோதனைகளில் கறாரான முறையில் வெற்றி பெற்றது ஒன்றும் இல்லை என்று 2017-இல் அமெரிக்க வேதியியலார் சிலர் எழுதினார்கள்.

குர்குமின் உடம்பில் எளிதில் சேராது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல், மிளகின் சத்தைச் சேர்த்தால் இரத்தத்தில் அது ஏறக்குறைய 20 மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். மாத்திரைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, கணக்குப் போட்டால் ஐந்து டீஸ்பூன் தூளுக்குச் சமம். அதற்கு மேல் மிளகுச் சத்து வேறு. எந்த வீட்டுச் சாம்பாரில் இப்படிப் போடுகிறார்கள்?

தாராவியில் இருக்கும் என் அத்தான் நம் விழாக் கடையில்தான் வாங்கினார், மூட்டு வலிக்காக. மூன்றாம் மாதம் கண் மஞ்சளித்தது. டாக்டர், "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "மருந்தெல்லாம் ஒன்றும் இல்லை சார்" என்றார். மஞ்சளை மருந்து என்று அவர் எண்ணவில்லை. அக்காதான் பையிலிருந்து குப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். மற்றக் காரணங்களையெல்லாம் சோதித்துவிட்டு டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தேறி வர இரண்டு மாதம் ஆயிற்று. அமெரிக்காவில் 2004 முதல் 2022 வரை மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். அத்தான் அதிர்ஷ்டசாலி.

கடை போடுகிறவர்களும் நம்மவர்கள்தான், ஓய்வுபெற்றவர்கள், நாலு காசு வரும் என்று சேர்ந்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சங்கத்தின் பந்தலில் விற்கும்போது, சங்கமே சிபாரிசு செய்வதாகத்தான் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் நினைக்கிறார்கள். மாத்திரைக் கடைக்கு இனி இடம் தரக்கூடாது, அந்த இடத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு மேஜை போடலாம் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய அத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.