நாய்க்குட்டி வேணுமா? விலைக்கு வாங்காதீங்க!

"பையன் நாய்க்குட்டி கேட்டு அடம் பிடிக்கிறான். எந்த ஜாதி வாங்கலாம் டாக்டர்?" என்று மருந்து வாங்க வரும் தாய்மார்கள் கேட்பதுண்டு. எதையும் வாங்க வேண்டாம், காப்பகத்துக்குப் போங்க என்பேன்.

1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் மாதிரி இடங்களுக்கு அடிபட்டது, கண் தெரியாதது, வயசானது எல்லாம் வந்து சேருகின்றன. கூடவே, ஆசையாக வாங்கி, அலுத்ததும் அவிழ்த்துவிட்ட லாப்ரடார், பக் வகைகளும்! பனிப் பிரதேசத்து ஹஸ்கியை ஃபிளாட்டில் பூட்டி வைத்தால் சித்திரை வெயிலில் அது என்ன செய்யும், பாவம்? நெரிசல் கூடக்கூட பார்வோ வைரஸ் சுலபமாகப் பரவும். தடுப்பூசி போடாத குட்டிகள் ரத்த பேதியில் இரண்டே நாளில் போய்விடுவதும் உண்டு. இதில் காப்பகத்தாரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த நெரிசலில் பாதி நம் வீடுகளிலிருந்து போனதுதானே?

"தெருக்குட்டின்னா நோய் வருமே?" என்பார்கள். விலைக்கு வாங்கினதுக்கும் புழு, உண்ணி இருக்கும். குடற்புழு மருந்து, பார்வோ தடுப்பூசி, மூன்றாம் மாதம் வெறிநோய் ஊசி, பிறகு கருத்தடை... கால்நடை டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் மட்டும், முதலில் இரண்டு மூன்று தடவை காப்பகத்தில் பழகிப் பார்க்கட்டும்.

நாய் கடித்தாலோ, கீறினாலோ பச்சிலை கேட்டு என்னிடம் வராதீங்க. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நாயானாலும் சரி.

இன்னொன்று. குட்டிதான் வேணும் என்று நிற்காதீங்க. வளர்ந்த நாய்களை யாரும் கேட்பதில்லை. வயசான தம்பதிக்கு, ஓடியாடி வீட்டைக் கலைக்காத அதுதான் தோது.