கைப்பிடிச்சுவர் பிள்ளைகளுக்கு மட்டுமா?



வீட்டு இணையத்தில் ஆபாசத் தளங்கள் வராதபடி தடுக்க உதவும்படி இந்த ஆண்டில் தகப்பன்மார் சிலர் என்னிடம் கேட்டார்கள். மகிழ்ச்சியோடு இணங்கினேன். "ரவுட்டரிலேயே செய்துவிடலாம்; உங்கள் கைபேசிக்கும் சேர்த்து" என்றதும் ஏறக்குறைய எல்லாரும் சற்றே தயங்கினார்கள். "அவன் போனில் மட்டும் போதும், ஐயா." யார் யாரென்று தேட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். என் மகனுடைய கைபேசியில், அவனுக்குத் தெரியாமல். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். "உங்க போன்ல இருக்காப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை உண்டு. அந்தச் சுவர் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. சாயங்காலத்தில் அரண்மனை உப்பரிகையின்மேல் உலாவி, கண்களால் விழுந்தவன் பத்தாம் வகுப்புப் பையனும் அல்ல. பல மனைவியரும் பிள்ளைகளும் உடைய தாவீது ராஜா. இதை வாலிபர் கூட்டத்தில் பிரசங்கிக்கிற நாம், ஆண்கள் ஐக்கியத்தில் ஏன் வாய் திறப்பதில்லை?

"ஜெபம் போதாதா?" என்று கேட்கும் பக்தியுள்ளோருக்கு ஒரு வார்த்தை. இரவில் வாசற்கதவைத் திறந்துபோட்டு, ஜெபித்துவிட்டு உறங்குகிறவர் உங்களில் யார்?

செய்யும் முறை எளிது. நாம் தட்டச்சு செய்யும் தளப்பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்கென இலவசமாக வழங்கும் டிஎன்எஸ், ஆபாசத் தளம் என்று தான் அறிந்தவற்றுக்கு வழிகாட்ட மறுத்துவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களை இட்டால் போதும். வீட்டு வைஃபையில் இணையும் கருவிகளுக்கெல்லாம் அது பொருந்தும். ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பழையது பெரும்பாலும் பெட்டியின் அடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பிள்ளைகள் நமக்கு முன்னே வாசித்திருப்பார்கள்.

ஆனால் இதோடு கடமை முடிந்தது என்று எண்ணுகிறவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்தச் சுவர் இல்லை. விபிஎன் செயலி ஒன்று இதைத் தாண்டிவிடும். டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டுமே அறியும். இன்ஸ்டாகிராமுக்குள் ஓடுவதையும், வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்புவதையும் அது காணாது. கால் தவறுகிறவனைச் சுவர் தாங்கும். ஏறிக் குதிக்கிறவனைத் தாங்காது. அவனோடு பேசத்தான் வேண்டும். ஒளித்து வேவு பார்த்த தகப்பனிடம் எந்தப் பிள்ளை மனந்திறந்து பேசும்? என் மகன் மறுபடி இயல்பாகப் பேசப் பல மாதங்கள் சென்றன.

ஆகையால் இதை இரகசியமாகச் செய்யாதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, காரணத்தைச் சொல்லி, அந்த எண்களை அவன் கையாலேயே இடச் செய்யுங்கள். செய்யத் தெரியாதவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் வாருங்கள், உதவுகிறேன். தகப்பன்மாரே, இன்னும் ஒன்று. ரவுட்டரின் புதிய கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டாம். உங்கள் மனைவியிடம் இருக்கட்டும். எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான்.